மறுகால் பாயும் கண்மாயில் முனைவர் பட்டம்

விலங்கியலோ தாவரவியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ முதுநிலை முடித்து, நன்னீரில் ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவர்கள் முதலில் கேட்பது: “எங்கே சேரலாம்?” அதற்கு முன் கேட்க வேண்டியது: “என் கேள்வி என்ன?” நன்னீர்ச் சமுதாயச் சூழலியலில் வழிகாட்டி, உதவித்தொகை, வேலை மூன்றும் அந்தக் கேள்வியைப் பொறுத்தே அமையும்.

பட்டியல் போதாது

மாதாமாதம் தண்ணீர் எடுத்து, கரைந்த ஆக்சிஜன் அளந்து, கிடைத்த மிதவை உயிரிகளைப் பட்டியலிட்ட ஆய்வேடுகள் நம் நூலகங்களில் ஏராளம். சமுதாயச் சூழலியல் அதற்கு அடுத்த படி. இந்த இனங்கள் எப்படி ஒன்றாக வாழ்கின்றன, ஒன்று புகுந்தால் மற்றவை என்னவாகும் என்று அது கேட்கிறது. மிதவை உயிரிகளைத் தின்னும் மீன் வந்து சேர்ந்த ஏரியில் பெரிய மிதவை விலங்குகள் மறைந்து சிறியவை மிஞ்சுவதை, அமெரிக்காவில் புரூக்ஸும் டாட்சனும் 1965இல் காட்டினார்கள்.

நம் ஊரில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால் கீழ்க் கண்மாய் நிறையும். தண்ணீரோடு மீன்குஞ்சும் நத்தையும் இறங்கும். கோடையில் வற்றிய கண்மாய்க்கு மழைக்குப் பின் உயிர்கள் எங்கிருந்து வருகின்றன? மண்ணில் உறங்கிய முட்டைகளிலிருந்தா, மேல் கண்மாயிலிருந்தா? மீன்பாசிக் குத்தகைக்கு விட்டுக் கெண்டைக் குஞ்சு விட்ட கண்மாய், விடாத கண்மாயிலிருந்து எப்படி மாறுபடுகிறது? ஆப்பிரிக்கக் கெளுத்தி புகுந்தால்? ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்டத்தைத் தாங்கும்.

எங்கே தேடுவது?

பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையம், ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம். கோவை ஆனைகட்டியில் சலீம் அலி மையம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை. மீன்வளம் சார்ந்த கேள்வியென்றால் மேற்கு வங்கம் பாரக்பூரின் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். வெளிநாட்டில் ஜெர்மனியின் ஐஜிபி, சுவிட்சர்லாந்தின் ஈவாக் ஆகிய நீர்நிலை ஆய்வு நிறுவனங்கள். அந்த நாடுகளில் பெரும்பாலான முனைவர் பட்ட இடங்கள் சம்பள வேலையாகவே அறிவிக்கப்படும். ஐரோப்பிய ஆய்வு வேலைகள் வெளியாகும் யூராக்ஸஸ் தளத்தைத் தொடர்ந்து பாருங்கள்.

நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். அவருடைய கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளைப் படியுங்கள். அவரிடம் ஆய்வு செய்த ஒருவரிடம் பேசி, மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், களச்செலவுக்குப் பணம் இருந்ததா என்று கேளுங்கள்.

பணம்

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. இது 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதம். உயிரியல் தாளின் 200 மதிப்பெண்ணில் 100, பகுத்தாய்வுக் கேள்விகள் கொண்ட சி பிரிவுக்கு. அதில் 75 கேள்விகளில் 25க்கு விடையளித்தால் போதும். எனவே சூழலியல், பரிணாமப் பாடங்களை ஆழமாகப் படித்தவர்களுக்கு வாய்ப்பு உண்டு.

ஆய்வுத் திட்டங்களில் ஜேஆர்எஃப் வேலையும் கிடைக்கும். ஆனால் திட்டத்தில் சேர்வது வேறு, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வது வேறு. பதிவு உண்டா, எப்போது என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கடிதம்

ஒரே மின்னஞ்சலை நாற்பது பேராசிரியர்களுக்கு அனுப்பினால் நாற்பதும் குப்பைக்குத்தான். மூன்று பத்தி போதும். அவருடைய ஒரு கட்டுரையில் விடுபட்டு நிற்கும் கேள்வி முதலில். அதை எந்த நீர்நிலையில், எப்படிச் சோதிப்பீர்கள் என்பது அடுத்து. இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்பது கடைசியில். பாராட்டுரை வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

ஆர் மென்பொருளில் தரவைக் கையாளத் தெரிய வேண்டும். ஒரு குழுவையாவது, ஈப்பூச்சியோ தும்பியோ நத்தையோ, நுண்ணோக்கியில் இனம் பிரித்தறியப் பழகுங்கள். தண்ணீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவைக் கொண்டு இனங்களைக் கண்டறியும் முறை வந்த பிறகும், முடிவு சரிதானா என்று பார்க்க வகைப்பாடு தெரிந்தவர் தேவை.

காப்புக்காட்டு ஓடைகளில் மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கலாம். மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், சென்னையில் தலைமையகம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலிலேயே பாருங்கள்.

பட்டத்துக்குப் பின்

கல்லூரி ஆசிரியர் பணி ஒரு வழிதான். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள், நீர்நிலை மீட்பில் இறங்கியிருக்கும் தொண்டு நிறுவனங்கள் எனப் பிற வழிகளும் உண்டு. “இந்தக் குளத்தில் என்ன கெட்டது, எதைச் சரிசெய்தால் திரும்பும்” என்று தரவோடு சொல்லத் தெரிந்தவருக்கே அங்கே மதிப்பு.

பருவத்தைக் கணக்கிடுங்கள்

யுஜிசியின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் ஆறு. கண்மாயில் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு ஒரு வடகிழக்குப் பருவமழைதான். முதல் மழையைப் பாடத்திட்ட வகுப்புகள் விழுங்கிவிடும். ஆகவே சேர்வதற்கு முந்தைய அக்டோபரிலேயே ஒரே தொடரில் உள்ள மூன்று கண்மாய்களில் முன்னோட்டமாக மாதிரி எடுத்துவிடுங்கள். நேர்காணலில் மற்றவர்கள் ஆர்வத்தைப் பற்றிப் பேசும்போது, நீங்கள் உங்கள் வரைபடத்தை விளக்கலாம்.