சஹாரில் எட்டு மணி நேரம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் வளைகுடாவிலோ வேறு வெளிநாட்டிலோ உறவினர் இல்லாத குடும்பம் அரிது. அவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் மும்பையில் இறங்கி, மதுரைக்கோ கோவைக்கோ திருச்சிக்கோ வேறு விமானம் மாறுவதும், நடுவே ஏழெட்டு மணி நேரம் சஹார் விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பதும் உண்டு. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசியில், "உங்க ஊர்லதான் ஒம்பது மணி நேரம் இருந்தோம் சித்தப்பா. காலங்காத்தால எதுக்குத் தொந்தரவுன்னு சொல்லலை" என்பார்கள். கேட்ட நமக்கு மனம் ஒரு மாதிரியாகிவிடும். ஆனால் முன்பே சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்று யோசித்தால், அங்கேயும் ஒரு தயக்கம் இருக்கத்தான் செய்கிறது. டிபன் காரியரைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்று, கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பத்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்பியிருப்போம்.

நான் கண்ட வரையில் இது பாசக் குறைவால் வருவதல்ல. கணக்குத் தெரியாததால் வருவது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு வெளிநாட்டு உறவினருக்கும் அனுப்பி வையுங்கள்.

முதலில், வெளியே வர முடியுமா என்ற கேள்வி. வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறுகிறவர்கள் பொதுவாக முதலில் இறங்கும் இந்திய நிலையத்திலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கத்தைக் கடக்க வேண்டும். அப்படிக் கடந்தவர் சட்டப்படி நாட்டுக்குள் வந்துவிட்டவர்தான். வெளியே வர அவருக்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், சுங்கம் முடிந்ததும் மாற்றுப் பயணிகளுக்கான கவுண்டரில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுக் கைவீசி நடக்கலாம். தனித்தனி டிக்கெட் என்றால் அந்த வசதி இருக்காது. பெட்டிகளை நம் வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். டிக்கெட் வாங்குகையில் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் என்று தனித்தனியாக வாங்குகிறவர்கள் இதை மனத்தில் வைப்பது நல்லது. குழந்தைகள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் ஓ.சி.ஐ. அட்டையோ விசாவோ இருந்தாக வேண்டும். மின் விசாவுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். இறங்கிய பிறகு யோசிக்க முடியாது.

இனி நேரத்துக்கு வருவோம். காலை ஆறு மணிக்கு மஸ்கட்டிலிருந்து இறங்குகிறார்கள், மதுரை விமானம் மதியம் இரண்டரைக்கு என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தில் எட்டரை மணி நேரம். ஆனால் அது முழுவதும் நம் கைக்கு வராது. குடியேற்ற வரிசை, பெட்டி, சுங்கம், மறுபடி பெட்டி ஒப்படைப்பு எல்லாம் முடிய ஏழரை ஆகிவிடும். பயணிகள் உள்நாட்டு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வாசலில் நிற்க வேண்டும்; குழந்தை குட்டிகளோடு என்றால் இன்னும் அரை மணி சேர்த்துப் பன்னிரண்டு. மிச்சம் நாலரை மணி. போகவும் வரவும் ஒரு மணி ஒரு மணியாக இரண்டைக் கழித்தால் இரண்டரை மணி நேரம். எட்டரை என்று தொடங்கியது இரண்டரையில் வந்து நிற்கிறது. ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த காத்திருப்பு என்றால் வெளியே அழைத்து வரும் எண்ணத்தையே விட்டுவிடலாம் என்று நான் சொல்வது இதனால்தான். இன்னொன்று, வருகிறவர்கள் டிக்கெட் வாங்கும் முன்பே நம்மிடம் சொன்னால், இரண்டரை மணி நேர இடைவெளியில் மூச்சிரைக்க ஓடுவதை விட்டு ஒன்பது மணி நேர இடைவெளியை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்த விமானம் எங்கிருந்து புறப்படுகிறது என்பதையும் டிக்கெட்டில் பார்க்க வேண்டும். சஹாரில் இருப்பது இரண்டாம் முனையம். உள்நாட்டு விமானங்கள் சில சாந்தாகுரூஸ் பக்கத்து முதலாம் முனையத்திலிருந்து போகின்றன. 2025 டிசம்பர் முதல் நவி மும்பை விமான நிலையத்திலிருந்தும் புறப்படுகின்றன. அங்கே என்றால் நகரத்தையே கடந்து போக வேண்டும், மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும்.

கிடைத்த இரண்டரை மணி நேரத்தில் கேட்வே ஆஃப் இந்தியாவைக் காட்டுகிறேன், மெரின் டிரைவைக் காட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளைகள் வண்டியின் பின்சீட்டில் தூங்கிவிடுவார்கள். பெரியவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சஹாரிலிருந்து மாதுங்காவும் செம்பூரும் தாராவியும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. மும்பையில் தமிழர் வாழ்ந்த வரலாறு இவ்வளவு அருகில் இருக்கையில் கொலாபாவரை எதற்கு?

இரவு முழுவதும் பயணம் செய்து வருகிற பெண்ணுக்கு, அதுவும் கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு, ஊர் சுற்றிக் காட்டுவது உபசாரம் ஆகாது. அவளுக்கு வேண்டியது ஒரு வாளி வெந்நீர், மாற்றுப் புடவை, டிகிரி காப்பி, அரை மணி நேரம் கால் நீட்டிப் படுக்க ஓர் இடம். பெட்டிகள் போய்விடும் என்பதால் மாற்றுத் துணியைக் கைப்பையில் வைக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிவிடுங்கள். 2014இல் சாந்தாகுரூஸ் - செம்பூர் இணைப்புச் சாலை திறந்த பிறகு செம்பூர் வீட்டுக்காரர்களுக்கு இந்த உபசாரம் எளிதாகிவிட்டது. எங்கள் வீட்டில் 84 வயதுப் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். மூட்டு வலியால் அவர் ஊருக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. போன ஆண்டு மஸ்கட்டிலிருந்து வந்த பேரனும் பேத்தியும் இரண்டு மணி நேரம் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் எந்தக் கிணற்றில் யார் விழுந்தார், யார் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார் என்று அவர் சொன்ன கதைகளை அந்தப் பையன் கைபேசியில் பதிந்துகொண்டு போனான். அவன் கேட்ட கேள்விகளில் பாதிக்கு எனக்கே பதில் தெரியாது.

வருகிறவர்களுக்குத் தெம்பு இருந்து, நேரமும் கூட ஒரு மணி கிடைத்தால் மாதுங்காவுக்கு அழைத்துப் போங்கள். 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியதும், 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைத்து, நெரிசலிலிருந்து மக்களை வடக்கே நகர்த்த தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் மனை பிரித்தார்கள். குமாஸ்தா வேலைக்கும் தட்டெழுத்து வேலைக்கும் வந்த தென்னிந்தியர் அங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி தொடங்கியது. 1952இல் சண்முகானந்த சபா பிறந்தது. அதன் அரங்கம் 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மறுபடி திறக்கப்பட்டது. பிள்ளைகளிடம் இத்தனையும் ஒப்பிக்க வேண்டாம். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து மாதுங்கா ரயில் நிலையம் வரை நடத்திக்கொண்டு போனால் போதும். பூக்கடையில் கதம்பம் கட்டுகிற வேகத்தையும், வாழைப்பூவும் முருங்கைக்காயும் குவித்திருக்கும் காய்கறிக் கடையையும், காப்பிக்கொட்டை வறுபடும் வாசனையையும் அவர்களே கவனிப்பார்கள். பண்டார்கர் சாலையில் ஆஸ்திக சமாஜம் ராமர் கோயிலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு இட்டிலிக்கு உட்காரலாம். மாதுங்காவின் பெயர்பெற்ற உணவு விடுதிகள் பலவும் உடுப்பிப் பக்கத்துக்காரர்கள் வைத்தவை. 1942இல் தொடங்கிய ராமநாயக் விடுதியும் அப்படியே. தமிழ்ப் பிரம்மசாரிகளுக்கு மூன்று தலைமுறை சோறு போட்டவர்கள் அவர்கள். நம் ஆட்கள் பந்தியில் உட்கார்ந்ததோடு சரி. திங்கட்கிழமை இவற்றில் பலவற்றுக்கு விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

தாராவிக்கு அழைத்துப் போகலாமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். நிலத்தடி மெட்ரோவின் மூன்றாம் தடம் 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுமையாகத் திறந்துவிட்டது. இரண்டாம் முனையத்திலும் தாராவியிலும் அதற்கு நிலையம் உண்டு. சாலை நெரிசல் எதுவும் இல்லாமல் போய் வரலாம். ஆனால் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஏழ்மையைப் பார்க்கப் போகிற சுற்றுலா கூட்டத்தோடு நம் பிள்ளைகள் போவதை நான் விரும்பவில்லை. அங்கே உறவோ ஊர்க்காரரோ இருந்தால் அவர் வீட்டுக்குப் போங்கள். 90 அடிச் சாலையில் நடந்து, கணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் கட்டிய ஊர் அது. 1971இல் பாந்த்ரா ஆடு மாடு வெட்டுக்கூடம் தேவ்னாருக்கு மாறிய பிறகு தோல் பதனிடும் தொழில் மெல்லப் போய்விட்டது; தோல் பொருள் கடைகள் இன்னும் இருக்கின்றன. நகரத்தின் தெருக்களில் காலையில் சைக்கிளில் விற்கிற இட்டிலியில் பெரும்பகுதி அங்கே விடியுமுன் வேகிறது.

வளைகுடாப் பிள்ளைகளுக்கு அங்கே வேறொரு தொடர்பும் உண்டு. 1970களிலும் 80களிலும் துபாய்க்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போனவர்கள் ரயிலில் தாதரில் இறங்கினார்கள். தொழில் தேர்வு, விசா, முகவர் சொல்லும் நாள் என்று வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், ஊர்க்காரர் அறையில் காத்துக் கிடந்தார்கள். ஒரே ஊர் ஆண்கள் சேர்ந்து தங்கிச் சாப்பிட்ட 'பொங்கல் வீடு'கள் தாராவியில் இருந்தன. இன்று எட்டு மணி நேரம் நீளம் என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளையின் தாத்தா அந்தப் பாயில் படுத்து எழுந்தவராக இருக்கலாம். வீட்டில் கேட்டுப் பாருங்கள். மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வீடுகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அந்தச் சந்துகளை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே காட்டிவிடுவது நல்லது.

நள்ளிரவு இரண்டு மணிக்கு இறங்குகிறவர்கள் விடியும்வரை வெளியே வரத் தேவையில்லை. இரண்டாம் முனையத்திலேயே மணிக்கணக்கில் அறை தரும் விடுதி இருக்கிறது. வாடகை சற்று அதிகம். உள்ளே சுவர் முழுவதும் வைத்திருக்கும் சிற்பங்களும் ஓவியங்களும் ஓர் அருங்காட்சியகம் அளவுக்கு உண்டு. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சும்மா நடக்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வருகிறவர்கள் விஷயத்தில் மட்டும் துணியாதீர்கள். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே வேளையில் சேர்ந்தால் கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் முழங்கால் தண்ணீர் நிற்பது நமக்குப் புதிதல்ல. அன்று மாதுங்கா வேண்டாம், மெட்ரோவில் போகிற இடம் மட்டும் போதும், அதுவும் வானம் பார்த்து. வழியனுப்புகையில் குழம்பும் ஊறுகாயும் பாட்டிலில் கட்டிக் கைப்பையில் வைக்க வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கோயில் தேங்காயும் அப்படித்தான். தயிர்சாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியும் தாராளமாகப் போகும்.