அந்தப் பணம் யாருடையது?

அன்புள்ள தம்பிக்கு,

கும்பகோணத்தில் கவின்கலைப் படிப்பை முடித்துவிட்டு, பகலில் ஃபிளக்ஸ் கடையில் டிசைன் வேலை, இரவில் ஓவியம் என்று ஓட்டுகிறாய். கிராண்ட், ஃபெலோஷிப், ரெசிடென்சி என்றெல்லாம் சீனியர்கள் பேசுகிறார்களே, அதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கும் உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. ஆனால் 'எனக்கு யார் தருவார்கள்' என்று தேட ஆரம்பித்தால் பட்டியல்களின் நீளத்திலேயே தலை சுற்றிவிடும். அந்தப் பணம் முதலில் யாருடையது, அவர் ஏன் அதைக் கலைக்கென்று ஒதுக்கினார் என்று பார்ப்பதுதான் குறுக்கு வழி. பல நிதிகளுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் உயிலோ பிடிவாதமோ இருக்கும். விதிமுறைகளில் புரியாத வரிகளுக்கு அங்கேதான் காரணம் கிடைக்கும்.

ஜாக்சன் பொல்லாக்கை உனக்குத் தெரியும். கேன்வாஸைத் தரையில் விரித்துப் பெயின்டைச் சொட்டவிட்டவர். 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்க அரசு கலைஞர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. 1935இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பொல்லாக்கும் இருந்தார், பின்னாளில் அவர் மனைவியான ஓவியர் லீ கிராஸ்னரும் இருந்தார். பொல்லாக் 1956இல் கார் விபத்தில் போய்விட்டார். அவருடைய ஓவியங்களின் விலை விண்ணைத் தொட்டது அதற்குப் பிறகுதான். 1984இல் கிராஸ்னர் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்திலிருந்து அடுத்த ஆண்டே பொல்லாக்-கிராஸ்னர் அறக்கட்டளை பிறந்தது. எந்த நாட்டு ஓவியரும் சிற்பியும் பிரின்ட்மேக்கரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலையின் தரத்தோடு பணத் தேவையையும் காட்டியாக வேண்டும். கைக்கும் வாய்க்குமாக வாழ்ந்து பார்த்த ஒரு பெண்மணியின் பணம் அது. அதனால் வாடகைப் பாக்கியையும் பெயின்ட் விலையையும் வெட்கப்படாமல் எழுதலாம். நம் பையன்கள் சறுக்குவது இங்கேதான். கலைத் தத்துவத்துக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குவார்கள், வருமானத்தைக் கேட்ட இடத்தில் ஒற்றை வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

மான்ட்ரியாலில் 1955இல் தொடங்கப்பட்ட எலிசபெத் கிரீன்ஷீல்ட்ஸ் அறக்கட்டளை இன்னொரு வகை. சார்லஸ் கிளாஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற வழக்கறிஞர் தன் தாயின் நினைவாக அதை நிறுவினார். அரூப ஓவியம் கோலோச்சிய காலம் அது. அவரோ உருவங்களை வரைகிற இளைஞர்களுக்குத்தான் கொடுப்பேன் என்று நின்றார். இன்றும் அரூப ஓவியர்களுக்கு அங்கே இடமில்லை. உன் நண்பன் ஒருவன் வெறும் வண்ணப் பரப்புகளாக வரைகிறானே, அவன் அங்கே விண்ணப்பித்தால் தபால் செலவுகூட வீண். நீ வரைகிற மீன் மார்க்கெட் மனிதர்களுக்கோ அது பொருந்தலாம்.

சார்லஸ் வாலஸ் என்ற பிரிட்டிஷ் வணிகர் இந்தியாவில் சம்பாதித்து 1916இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து 1981இல் ஏற்பட்ட சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட், இந்தியாவில் வாழும் இந்தியர்கள் பிரிட்டனுக்குப் போய்ப் படிக்கவும் ஆராயவும் எழுதவும் உதவுகிறது. இந்தியாவில் எடுத்த பணம் சுற்றி வளைத்து இந்தியர்களிடமே திரும்புகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிரிட்டனில்தான் அந்த வேலை நடந்தாக வேண்டும் என்ற காரணத்தை நீ காட்ட வேண்டும். 'லண்டன் மியூசியங்களைப் பார்க்க ஆசை' என்பது காரணமாகாது. உன் ஊர்க் கோயில் சிற்பம் ஒன்று அங்கே ஒரு சேகரிப்பில் இருக்கிறது, அதைப் பார்த்து வரைய வேண்டும் என்றால் அது காரணம்.

அரசுப் பணத்துக்கு உயில் கிடையாது; தலைப்பு உண்டு. எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு எழுதுவது என்பதே அங்கே பெரிய கேள்வி. சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பணத்துக்கு அலைந்தபோது மேற்கு வங்க அரசு கைகொடுத்தது. படத்தின் பெயரில் பாதை என்ற சொல் இருந்ததால் அந்தத் தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் ஏறியது என்பது சினிமாக்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்தி.

மத்திய கலாசார அமைச்சகத்தின் உதவிகளில் தலைப்புகள் அவ்வளவு வேடிக்கையாக இல்லை, வயதை வைத்தே பிரித்திருக்கிறார்கள். 18 முதல் 25 வயது வரை இளம் கலைஞர் உதவித்தொகை: மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. 25 முதல் 40 வரை ஜூனியர் ஃபெலோஷிப்: மாதம் 10,000. அதற்கு மேல் சீனியர் ஃபெலோஷிப்: 20,000. டெல்லியிலுள்ள சிசிஆர்டி என்ற மையம் இவற்றை நடத்துகிறது. முதலாவது பயிற்சிக்கானது, ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ கற்பவர்களுக்கு. மற்ற இரண்டுக்கும் ஆய்வுத் திட்டம் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். சென்னையில் இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு வாழ முடியாது. ஆனால் ஃபிளக்ஸ் கடைக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டும் போனால் போதும் என்ற நிலைமையை அது உண்டாக்கும்.

பணமாகக் கிடைக்காத உதவிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள். சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமி மையத்தில் பிரின்ட்மேக்கிங், செராமிக், சிற்பம், ஓவியம் என்று தனித்தனி ஸ்டுடியோக்கள் இருக்கின்றன; குறைந்த கட்டணத்தில் இடம் பிடித்து வேலை செய்யலாம். ஒரு எட்சிங் பிரஸ் வாங்க உனக்கு எத்தனை வருடச் சம்பளம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார், அந்த இடத்தின் மதிப்பு தெரியும். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் யாருடைய நல்கைக்கும் காத்திராமல் பாத்திக் துணிகள் செய்து விற்ற காசில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ரெசிடென்சி என்பது இன்னொரு விஷயம். குறிப்பிட்ட காலத்துக்கு ஓர் இடத்தில் தங்கி வேலை செய்வது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1907இல் தொடங்கிய மெக்டவல் ரெசிடென்சியில் மதிய உணவைக் கூடையில் வைத்து ஸ்டுடியோ வாசலில் வைத்துவிட்டுப் போவார்களாம், கலைஞரின் வேலை கலையக் கூடாது என்பதற்காக. எல்லா இடமும் அப்படி ஒதுங்கியிருக்காது. டெல்லி கிர்கி எக்ஸ்டென்ஷனில் நெருக்கமான சந்துகளுக்கு நடுவே இயங்கும் கோஜ், 1997இல் கலைஞர்களே தொடங்கிய அமைப்பு. கலைக் கல்லூரி முடித்த உன்னைப் போன்றவர்களுக்கென்றே 'பியர்ஸ்' என்ற ரெசிடென்சியை நடத்துகிறார்கள். முதல் முயற்சிக்கு ஏற்ற வாசல் அது. எழுத்தாளர்களுக்கு 2008 முதல் சங்கம் ஹவுஸ் இருக்கிறது.

ரெசிடென்சி போகிறவர்கள் எல்லாரும் அங்கே ஒரு படைப்பை முடித்துக்கொண்டு வருவார்கள் என்று எண்ணாதே. ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதிக்கொண்டிருந்த அசோகமித்திரன் 1973இல் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போனார். பால் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் 1967இல் தொடங்கிய திட்டம் அது. பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில் தங்கியிருந்தார்கள். குளிர், சாப்பாடு, மொழி, சின்னச் சின்ன மனஸ்தாபங்கள். அந்த மனிதர்களே பின்னாளில் அவருடைய 'ஒற்றன்!' நாவலுக்கு விஷயமானார்கள். அயோவா அவரிடம் அமெரிக்காவைப் பற்றிப் புத்தகம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு நல்ல புத்தகம் வந்திருக்காது என்பது என் எண்ணம். அதே அயோவாவுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை தந்துவந்த நிதி 2025இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. ஐம்பது ஆண்டுப் பெயர் என்பதற்காக இந்த ஆண்டும் நடக்கிறது என்று நம்பிவிடாதே. விண்ணப்பிக்கும் முன் அண்மைய அறிவிப்பைப் பார்.

இனி விண்ணப்பம். இதற்கு ராபர்ட் ஃபிராங்கின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபிராங்க் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1947இல் நியூயார்க் வந்து பத்திரிகைகளுக்குப் ஃபேஷன் படம் எடுத்துப் பிழைத்தார். அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றிப் படமெடுக்க வேண்டும் என்று கூகன்ஹைம் ஃபெலோஷிப்புக்கு எழுதினார். ஊர் ஊராகப் பட்டியல் போட்ட திட்டம் அல்ல அது, மிக விரிந்த திட்டம். குடியேறி வந்த ஒருவனின் கண்ணுக்கு இந்த நாடு எப்படித் தெரிகிறது என்பதுதான் அதன் அச்சு. அந்தப் படங்களை அமெரிக்காவிலேயே பிறந்த ஒருவர் எடுக்க முடியாது என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். விண்ணப்பம் எழுத உதவியவர் மூத்த புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ். பரிந்துரைத்தவர்களில் அவரோடு, பத்திரிகைக் கலை இயக்குநர் அலெக்ஸி பிராடொவிச், கலை வரலாற்று அறிஞர் மேயர் ஷபிரோ ஆகியோரும் இருந்தார்கள். கவனி, மூவரும் மூன்று துறை. ஒரே கல்லூரியின் மூன்று ஆசிரியர்களிடம் ஒரே மாதிரிக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரிந்திருக்கும்.

1955இல் அவருக்குக் கிடைத்தது 3,600 டாலர். அடுத்த ஆண்டும் ஃபெலோஷிப்பைப் புதுப்பித்தார்கள். பழைய கார், பெட்ரோல், மலிவு விடுதி, ஃபிலிம் ரோல் என்று அது கரைந்தது. ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு நாள் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. எடுத்த படங்கள் 27,000க்கு மேல். புத்தகத்தில் வந்தவை 83. 1958இல் பாரிஸில் வந்த பிறகுதான் 1959இல் அமெரிக்காவில் 'தி அமெரிக்கன்ஸ்' வெளியானது, அப்போதும் திட்டுதான் அதிகம் விழுந்தது. கூகன்ஹைம் அமெரிக்க, கனடா நாட்டவர்களுக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும் உரியது, உனக்குப் பயன்படாது. ஆனால் ஒரு விண்ணப்பத்தில் 'ஏன் நான்' என்ற கேள்விக்குப் பதில் எப்படி வர வேண்டும் என்பதற்கு இதைப் பார்.

அந்தப் பதில் மதுரைக்காரர் எம். பழனி குமாரின் வேலையில் நேராகவே தெரியும். கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். உழைக்கும் பெண்கள், விளிம்பில் தள்ளப்பட்ட மக்கள் என்று ஒரே திசையில் கேமராவைத் திருப்பி வைத்திருக்கிறார். 2019இல் 'பாரி' என்ற கிராமப்புற இதழியல் அமைப்பின் ஃபெலோ. 2020இல் சம்யக் திருஷ்டி அண்ட் போட்டோ சவுத் ஏசியா கிராண்ட், 2021இல் ஆம்ப்ளிஃபை கிராண்ட், 2022இல் தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது. அந்த விருதை முதலில் பெற்றவரே அவர்தான். ஒன்று வந்தால் அடுத்தது தேடி வரும் என்று இதைப் படிக்காதே. ஒவ்வொரு தேர்வுக் குழுவின் மேஜைக்கும் அதே மக்களின் படங்கள், முன்பைவிட நெருக்கமாகப் போய் விழுந்துகொண்டிருந்தன என்று படி.

தமிழில் எழுதினால் எடுபடுமா என்ற உன் தயக்கத்துக்குப் பெங்களூரிலுள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் பதில் வைத்திருக்கிறது. 1993இல் நிறுவப்பட்டு 1995 முதல் நல்கை தருகிறது. இந்திய மொழி எதிலும் திட்டத்தை அனுப்பலாம். பெருமாள் முருகன் திருச்செங்கோட்டைப் பற்றிக் களஆய்வு செய்து 'மாதொருபாகன்' எழுத உதவியது அவர்களுடைய நல்கைதான். நாவல் 2010இல் வந்தது. அதன் பின் நடந்த எதிர்ப்பும் 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தந்த தீர்ப்பும் ஊரறிந்தவை. நாவலாசிரியர் ஒருவர் பேருந்துச் செலவுக்கும் கள வேலைக்கும் முன்கூட்டியே பணம் கேட்கலாம் என்ற செய்தி மட்டும் அந்தக் களேபரத்தில் காணாமல் போய்விட்டது.

கிடைத்த பணத்தை என்ன செய்வது என்பதில் அக்பர் பதம்ஸியின் வழி எனக்குப் பிடிக்கும். 1969இல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. ஓவியர் தனக்கென்று ஸ்டுடியோ போட்டுக்கொண்டிருக்கலாம். அவரோ பம்பாயில் 'விஷன் எக்ஸ்சேஞ்ச் ஒர்க்ஷாப்' என்ற பொது இடத்தைத் தொடங்கினார். எட்சிங் பிரஸ் ஒரு பக்கம், சினிமா கேமரா ஒரு பக்கம். ஓவியர்களும் படக்காரர்களும் ஒருவர் கருவியை மற்றவர் எடுத்துப் பழகினார்கள். அப்போது மிக இளையவரான நளினி மலானி தன் முதல் படங்களைச் செய்தது அங்கேதான். சில ஆண்டுகளில் அந்த இடம் மூடப்பட்டது. ஆனால் இந்திய வீடியோ கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போவதில்லை. பட்ஜெட் எழுதும்போது உனக்கு மட்டும் என்று எழுதாமல், வகுப்பு நண்பர்களோடு சேர்ந்து ஒரு கருவி என்றும் யோசித்துப் பார். கூடவே உன் உழைப்புக்கு ஒரு தொகையையும் போடு. கேன்வாஸுக்கும் ஃப்ரேமுக்கும் லாரி வாடகைக்கும் விலை போட்டுவிட்டு வரைகிறவனுக்குச் சுழியம் போடுகிற பட்ஜெட்டைப் பார்த்தால், இவன் எப்படிச் சாப்பிடுவான் என்றுதான் குழுவுக்குத் தோன்றும்.

கடைசியாக, உனக்கு இப்போது தேவைப்படாத ஒரு நிதி. ஓவியர் அடால்ஃப் காட்லீப் பெயரில் 1976இல் ஏற்பட்ட அறக்கட்டளை, குறைந்தது 20 ஆண்டு முதிர்ந்த நிலையில் வேலை செய்துவந்த ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் பிரின்ட்மேக்கர்களுக்கும் மட்டுமே தருகிறது. அந்த 20 ஆண்டையும் காகிதத்தில் காட்ட வேண்டும். ஆகவே கல்லூரிக் கண்காட்சி அழைப்பிதழ், தினசரியில் வந்த நாலு வரிச் செய்தி, விற்ற ஓவியத்தின் ரசீது, எதையும் தூக்கி எறியாதே. ஒவ்வொரு ஓவியத்தின் பின்புறமும் ஆண்டு, அளவு, மீடியம் மூன்றையும் எழுது. விற்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை நம்பாதே, அது சுருங்கிப் போயிருக்கும். ஒரிஜினல் ஃபைலை இரண்டு இடத்தில் சேமி.

அன்புடன்,
அண்ணன்