லேப்டாப் வாங்குமுன் சர்வீஸை எடை போடுவோம்

துவரம்பருப்பு மூட்டை வந்தால் குத்தூசி போட்டுப் பார்க்கிறோம். மிளகாயை ஒடித்துப் பார்க்கிறோம். புதிதாக ஒரு மில்லில் கொள்முதல் தொடங்குமுன் இன்னொன்றையும் விசாரிக்கிறோம். "சரக்கு குறையாக வந்தால் திருப்பி எடுத்துக் கொள்வார்களா, தட்டிக் கழிப்பார்களா?" நல்ல மில்லிலிருந்தும் என்றாவது ஒரு மூட்டை கெட்டு வரும். அன்றைக்கு அவர்கள் நடந்து கொள்ளும் விதத்தை வைத்தே வியாபாரம் தொடர்கிறது.

பில் போடவும் கணக்கு வைக்கவும் லேப்டாப் வாங்கும்போது மட்டும் இந்த இரண்டாவது கேள்வியை நாம் மறந்து விடுகிறோம். விலையையும் கம்பெனிப் பெயரையும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டி விடுகிறோம். லேப்டாப்புக்குள் குத்தூசி போட முடியாது. ஆகவே முன்கூட்டி விசாரிப்பது ஒன்றே வழி. அதை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பெயர் மட்டும் போதுமா?

2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்கொயர்டிரேட் என்ற வாரண்டி நிறுவனம், தன்னிடம் பதிவான 30,000-க்கும் மேற்பட்ட லேப்டாப்களின் பழுதுக் கணக்கை வெளியிட்டது. மூன்று ஆண்டுக்குள் 100-க்கு 31 லேப்டாப்கள் பழுதாகும் என்று அது கணித்தது. இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்கோளாறு. மீதி, கீழே விழுந்ததும் தண்ணீர் பட்டதும் போன்ற விபத்துகள். கம்பெனிவாரியாகப் பார்த்தால், உள்கோளாறு மிகக் குறைவான கம்பெனிக்கு 15.6 சதம், மிக அதிகமான கம்பெனிக்கு 25.6 சதம்.

கணக்கு பழையதாயினும் பாடம் பழையதல்ல. கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. ஆனால் முதலிடம் பெற்ற கம்பெனியின் லேப்டாப்பிலும் ஏறக்குறைய ஆறில் ஒன்று கெட்டது. அந்தப் பட்டியலில் இரண்டாமிடம் பெற்றது தோஷிபா. அந்நிறுவனம் 2020-இல் லேப்டாப் தொழிலை விட்டே முழுவதுமாக விலகிவிட்டது. சோனியும் 2014-இல் தன் கம்ப்யூட்டர் பிரிவை விற்றுவிட்டது. பழைய நற்பெயர் என்றென்றைக்கும் நிற்பதில்லை.

ஒரே கம்பெனியிலும் இரண்டு தரம் உண்டு. லெனோவோவில் திங்க்பேட் அலுவலக உபயோகத்திற்கானது, ஐடியாபேட் வீட்டு உபயோகத்திற்கானது. இரண்டின் கட்டுமானமும் வாரண்டியும் வேறு. எனவே "எந்தக் கம்பெனி நல்லது?" என்று மட்டும் கேட்பது பாதி விசாரணைதான். "இந்த மாடல் கெட்டால், நம் ஊரில், எத்தனை நாளில் சரியாகித் திரும்பும்?" என்பதே முழு விசாரணை.

வாரண்டியில் என்ன அடங்கும்?

வாரண்டி என்ற ஒரே சொல்லுக்குள் பல வகை உண்டு. நாமே சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிச் செல்வது ஒரு வகை. ஆள் கடைக்கே வந்து பழுது பார்ப்பது ஆன்சைட் வகை. ஆன்சைட் எல்லாப் பின்கோடுக்கும் கிடைப்பதில்லை. "அடுத்த வேலை நாளில் வருவோம்" என்ற வாக்கும், போனில் கோளாறை விசாரித்து முடித்த பிறகே கணக்காகும். உதிரிபாகம் கையிருப்பில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்று ஆண்டு வாரண்டி என்றாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான். டீ கொட்டியது, கீழே விழுந்தது ஆகியவை சாதாரண வாரண்டியில் அடங்கா. மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் பறக்கும் மளிகைக் கடைக்கு இது முக்கியம். விபத்துப் பாதுகாப்பைத் தனியாகப் பணம் கட்டி எடுக்க வேண்டும். மேலும், லேப்டாப்பில் உள்ள நம் கணக்குகள் அழிந்தால் எந்த வாரண்டியும் பொறுப்பேற்காது. தினமும் கடை கட்டுமுன் ஒரு நகல் எடுத்து வைப்பது நம் பொறுப்பு.

வாங்குமுன் செய்ய வேண்டிய ஐந்து காரியங்கள்

1. கம்பெனியின் இலவச அழைப்பு எண்ணுக்கு முதலில் நாமே போன் செய்ய வேண்டும். நம் பின்கோடைச் சொல்லி ஆன்சைட் உண்டா, கீபோர்டும் சார்ஜரும் மாற்ற என்ன விலை, எத்தனை நாள் ஆகும் என்று கேட்க வேண்டும். எவ்வளவு நேரத்தில் எடுக்கிறார்கள், தமிழில் பதில் சொல்ல ஆள் உண்டா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

2. அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் எது என்று கம்பெனியிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். பெயர்ப் பலகையை மட்டும் நம்பக் கூடாது. அங்கே அரை மணி நேரம் நின்று, லேப்டாப்பைத் திரும்ப வாங்க வந்தவர்களிடம் "என்றைக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் போதும். விளம்பரத்தில் கிடைக்காத தகவல் கிடைக்கும்.

3. நம் ஊர் ஆடிட்டர் அலுவலகம், ஜெராக்ஸ் கடை, ஆன்லைன் சேவை மையம் ஆகியவை நாள் முழுவதும் மிஷினை ஓட்டுகிறவை. ஐந்து இடங்களில் கேட்க வேண்டும். ஒருவர் திட்டினார் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம்; ஒருவர் புகழ்ந்தார் என்பதற்காக வாங்கவும் வேண்டாம்.

4. பெட்டியில் உள்ள சீரியல் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பழைய ஸ்டாக்கானால் வாரண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம். தேதியைத் திருத்தித் தருவதாகக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த பிறகே பணம் தர வேண்டும்.

5. பில்லில் சீரியல் எண்ணும், வாரண்டியின் வகையும் காலமும் எழுதப்பட வேண்டும். "பார்த்துக்கலாம் அண்ணாச்சி" என்ற வாய்வார்த்தை சர்வீஸ் சென்டரில் செல்லாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பேச்சுக்கு, ஒரு லேப்டாப் 38,000 ரூபாய், ஓராண்டு தூக்கிச் செல்லும் வாரண்டி. இன்னொன்று 42,000 ரூபாய், மூன்று ஆண்டு ஆன்சைட். வித்தியாசம் 4,000. மாதத்திற்கு ஏறக்குறைய 111 ரூபாய்.

முதல் லேப்டாப் பத்து நாள் சர்வீஸில் கிடந்தால், கையால் பில் எழுதி, பிறகு அவற்றை ஏற்ற ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் கொடுத்தாலே அந்த 4,000 தீர்ந்து போகும். மாதாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்வோருக்கு 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி 3பி உண்டு. 3பி தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரிக்கு 18 சத வட்டி. பற்று வரவு தெரியாமல் கடன் வசூல் நிற்பது இவற்றிலெல்லாம் பெரிய நஷ்டம். அவரவர் கடைக்கு ஒரு நாள் மிஷின் இல்லாவிட்டால் என்ன செலவு என்று எழுதிப் பார்த்தால், கூடுதல் விலை தகுமா தகாதா என்பது தெரிந்துவிடும்.

பிறகு வழக்குப் போடலாமே?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி வணிக நோக்கத்திற்குப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தாமே பயன்படுத்துவோருக்கு விலக்கு உண்டு. லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இலேயே உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. உதவிக்கு ஓரிருவரை வைத்திருப்பதால் அந்த விலக்கு போய்விடாது என்றும் கூறியது. சிறிய கடைக்காரர் இதைக் கொண்டு வாதாடலாம். ஆனால் கடைப் பெயரில் பில் வாங்கி உள்ளீட்டு வரி வரவும் எடுத்திருந்தால், "இது வணிக நோக்கம்" என்று எதிர்த்தரப்பு கிளம்பும். பெரிய மொத்த வியாபாரிக்கு இந்த வழி கடினமே.

பாதிக்கப்பட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆயினும் தீர்ப்பு வரும்வரை பில் போடாமல் இருக்க முடியாது.

பணம் நம் கையில் இருக்கும்வரைதான் நம் கேள்விக்கு மதிப்பு. மில்காரரிடம் கேட்பதைக் கம்ப்யூட்டர் கடைக்காரரிடமும் கேட்போம். சரியான பதில் வராத இடத்தில், விலை எவ்வளவு குறைவானாலும், கொள்முதல் வேண்டாம்.