பூசியதால் அல்ல, விட்டதால் கெட்டதாம்!

சேலம், நாமக்கல் சமவெளியில் தோல் வைத்தியம் செய்கிற எனக்கு, நாள் தவறாமல் செவியில் விழுகிற வாக்கியம் ஒன்று உண்டு: “பூசற வரைக்கும் மூஞ்சி பளபளன்னு நல்லாத்தானுங்க இருந்துச்சு, விட்டதுக்கப்புறந்தான் கெட்டுப்போச்சு.” பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறையில் வேலை செய்யும் பெண்ணும், ராசிபுரத்துக் கல்லூரி மாணவனும், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளியும், முன்கூட்டிக் கலந்து பேசிக்கொண்டவர்களைப்போல ஒரே சொற்களில் இதைச் சொல்லி, அந்தக் கிரீமை ஆயுள் முழுவதும் விடாமல் பூசிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்ற ஒரே முடிவுக்கும் வந்து சேர்கிறார்கள். சௌந்தரியத்தைப் பற்றி இந்தப் பிரதேசத்தில் உலவும் பொய்கள் அனேகம். மற்றவை பெரும்பாலும் பணத்தைத் தின்பதோடு நின்றுவிடுகின்றன, இது முகத்தையே தின்கிறது. அதனால்தான் பொறுமை இழந்து எழுத உட்கார்ந்தேன்.

அந்த வஸ்து என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். “எதைப் பூசினீர்கள்?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டபிறகு, கைப்பையின் அடியிலிருந்து, கடைசித் துளிவரை வழித்தெடுப்பதற்காக அடிப்பக்கம் கத்தரிக்கோலால் வெட்டி, சுருட்டி, ரப்பர் வளையம் மாட்டிய ஓர் அலுமினிய ட்யூப் வெளியே வரும். அதன்மேல் பொடி எழுத்தில் ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர்கள் இருக்கும். அல்லது படர்தாமரைக்கென்று வாங்கி, இடுப்பிலிருந்து முகத்துக்கு ஏறிய பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ கலந்த வேறொரு ட்யூபாக இருக்கும். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் ஆகிய மூன்றும் ஸ்டீராய்டுகள். முதலில் சொன்னதுபோன்ற மூன்று மருந்துக் கலவை என்ற யோசனை 1975இல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற அமெரிக்க நிபுணர்கள் வெளியிட்டது. மங்கு முதலிய கருமைகளுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் பூசுவதற்கு ஏற்பட்ட அந்தப் பிரயோகம், நம்மூரில் கல்யாணப் பெண்ணுக்கு மஞ்சள் பூசுவதுபோல மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்கிறது.

“நாலே நாள்ல கலர் வந்துருச்சுங்க” என்று சொல்லும் அந்தக் கலர் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டால், பாதிப் பிரமை தானே விலகிவிடும். கரப்பான் முதலிய தோல் நோய்களுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டைப் பூசிக் குணம் காணலாம் என்று 1952இல் சல்ஸ்பெர்கரும் விட்டனும் காட்டியபிறகு, அதைவிட உக்கிரமான ஸ்டீராய்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எதன் வீரியம் எவ்வளவு என்று அளப்பதற்கு 1962இல் மெக்கன்சி, ஸ்டவுட்டன் என்ற இருவர் ஓர் எளிய உபாயத்தைக் கண்டார்கள்: மருந்தை முன்கையில் தடவி, அந்த இடம் எவ்வளவு வெளிறுகிறது என்று பார்ப்பது. தோலுக்கடியிலுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்களை ஸ்டீராய்டு சுருங்கச் செய்வதால் அவ்விடம் வெளிறுகிறது. வீரியம் மிக மிக வெளிறலும் மிகும். மெலனின் என்ற நிறப்பொருளின் உற்பத்தியும் சிறிது அடங்கும் என்பது மெய்யே. ஆனால் நாலாம் நாள் கண்ணாடியில் கண்டு நீங்கள் பூரித்துப்போகும் வெண்மை பெரும்பாலும் இரத்த ஓட்டம் குறைந்த வெளிறல்தான். ஆராய்ச்சிசாலையில் மருந்தின் உக்கிரத்தை அளக்கும் பரீட்சையை, உங்கள் முகத்தில் நீங்களே, காசு கொடுத்து நடத்திக்கொள்கிறீர்கள்!

அதுவும் எந்த இடத்தில்? முன்கைத் தோல் ஒரு பங்கு ஸ்டீராய்டை உறிஞ்சினால் நெற்றி ஆறு பங்கும், தாடைப்பகுதி பதின்மூன்று பங்கும் உறிஞ்சுகின்றன என்று ஃபெல்ட்மன், மெய்பாக் இருவரும் 1967இலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். கையில் பூசியபோது ஒன்றும் ஆகவில்லை என்று முகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை வாசிக்கட்டும்.

இனி, விட்டதால் கெட்டது என்ற தர்க்கத்துக்கு வருவோம். இது கந்துவட்டிக்கு வாங்கித் தின்றவன், கடன் கொடுத்தவன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் நாளைத்தான் கெட்ட நாள் என்று சொல்வதை ஒத்தது. பூசுகிற மாதங்களிலெல்லாம் தோல் மெலிந்துகொண்டே வருகிறது, அதைத் தாங்கும் கொல்லாஜன் நார்கள் குறைகின்றன, பருக்கள் கிளம்புகின்றன, பெண்களுக்குக் கன்னத்தில் பூனைமுடி அடர்கிறது, கன்னத்திலும் மூக்கோரத்திலும் செந்நூல் இழை ஓடியதுபோல இரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்குகின்றன. இத்தனையையும் வெளிறலால் மூடி மறைத்துவந்த மருந்தை நிறுத்தியதும், இதுகாறும் வலிந்து சுருக்கி வைக்கப்பட்ட குழாய்கள் ஒரேயடியாக விரிய, முகம் சிவந்து, வீங்கி, எரிகிறது. சோறு வடிக்கும்போது எழும் ஆவி முகத்தில் பட்டாலே தாங்க முடியாமல், அடுப்படியிலிருந்து ஓடிவந்து ஈரத்துண்டை ஒற்றிக்கொள்கிற பெண்களை நான் அறிவேன். பயந்துபோய் மறுபடியும் பூசுகிறார்கள். விரைவில் எரிச்சல் அடங்குகிறது. மருந்தின்மீது வைத்த நம்பிக்கை முன்னிலும் இரட்டிப்பாகிறது. கெட்டது பூசிய காலத்தில்; விட்ட காலத்தில் அது வெளியே தெரிந்தது, அவ்வளவே.

இது என் ஒருவனுடைய அபிப்பிராயம் அன்று. ஸ்டீராய்டால் சேதமுற்ற முகம் என்று இதற்கு நோய்ப்பெயரே சூட்டி, 2008இல் கொல்கத்தா மருத்துவர்கள் எழுதினார்கள். நாடெங்கும் 12 மையங்களில் முகத்தோல் நோயோடு வந்த 2926 பேரைப் பரிசோதித்து 2011இல் வெளியான ஆய்வில், 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவர்களில் 257 பேருக்கு அதைச் சிபாரிசு செய்தவர் மருத்துவரே அல்லர். வேறு யார்? அத்தை மகள், அழகு நிலையத்து அக்கா, மெடிக்கல்காரர். தோல் மருத்துவர்கள் சங்கம் பல்லாண்டு மன்றாடியதன் பின், 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் வெளிப்பூச்சுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று விதித்தது. விதி ஏட்டில் இருக்கிறது. ட்யூபோ, பெட்டிக்கடையில் வெற்றிலை கேட்பதுபோலக் கேட்டால் கிடைக்கிறது. மெடிக்கல்காரர்களைக் கோபித்துக்கொள்வதோடு என் கோபம் நிற்பதாயில்லை. சீட்டு எழுதும்போதே “எத்தனை நாள்” என்பதை எழுதாமல் விடுகிற என் சகோதர வைத்தியர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நிற்க. பூசுவதை நிறுத்தினால் எரியத்தான் செய்யும். எரிச்சல் அடங்கச் சில வாரமோ சில மாதமோ ஆகும் என்று தெரிந்தே நிறுத்த வேண்டும். வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக இறக்குவதா, உடனே நிறுத்தி வேறு மருந்தால் தணிப்பதா என்பதை முகத்தைப் பார்த்து மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். விரிந்த குழாய்களும் மெலிந்த தோலும் முழுவதும் பழைய ஸ்திதிக்கு வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை.

ட்யூபாவது தன் குற்றத்தைப் பொடி எழுத்திலேனும் ஒப்புக்கொள்கிறது. பெயரும் இல்லாமல், தயாரித்தவர் முகவரியும் இல்லாமல், சின்ன டப்பியில் “நைட் கிரீம்” என்று கைமாறுகிற பொருள்களில் பாதரசம் இருக்கக்கூடும். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு, நெல்–1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிதான வகை காணப்பட்டது. அவர்களில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். முகத்துக்குப் பூசியது சிறுநீரில் புரதமாய் ஒழுகிற்று. இதற்குமேல் “இயற்கைப் பொருள், கெமிக்கல் இல்லை” என்ற விளம்பரத்தை நம்புகிறவர்களோடு வாதாட எனக்குச் சக்தியில்லை.

மற்ற நம்பிக்கைகளை நடந்துகொண்டே பார்த்துவிடலாம். குளுட்டத்தயோன் ஊசி போட்டால் நிரந்தரமாக வெளுக்கும் என்பது பொய்; வெளுப்பதற்காக அதை ஊசியாக ஏற்றுவதன் அபாயத்தைப் பற்றிப் பிலிப்பைன்ஸ் அரசு 2011இலேயே எச்சரித்துவிட்டது. நிறத்தை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்; அவை செய்யும் மெலனின் எவ்வளவு, எவ்வகை என்பது பிறப்போடு வருவது. வெயில் படாத மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள். அதுவே உங்கள் சொந்த நிறம். அதற்கும் மேலே கொண்டுபோகிறேன் என்பவன் பணத்துக்காகப் பேசுகிறான். நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமில்லை என்பதற்காக வெள்ளைக்கருவை முகத்தில் அப்பிக்கொள்வது, காய்ந்து இழுக்கும் சில நிமிஷங்களுக்கு மட்டும் இறுக்கம் தரும். அதை வயிற்றுக்குக் கொடுத்தால் பிரயோஜனம் அதிகம். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து, கருந்தழும்பு வரும். சுருக்கத்துக்குப் போடும் போட்டாக்ஸ் ஊசியை நிறுத்தினால் முகம் தொங்கிவிடும் என்பதும் வீண்பயம். அதன் வேலை மூன்று, நான்கு மாதத்தில் முடிந்து முகம் பழையபடி ஆகும், அவ்வளவுதான். லேசரால் புற்றுநோய் வராது. ஆனால் நம் கருந்தோலுக்கு ஒவ்வாத கருவியைப் பழக்கமில்லாதவர் இயக்கினால் தீப்புண் வரும்.

“நமக்குத்தான் கறுப்புத் தோலாச்சே, வெயில் என்ன செய்யும்?” என்பதற்கு மட்டும் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். நெடுநாள் வண்டி ஓட்டிய நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவரை, இரு முன்கைகளையும் சேர்த்து நீட்டச் சொல்லிப் பாருங்கள்: ஜன்னலோரம் கிடந்த வலக்கை, இடக்கையைவிடக் கறுத்து, தடித்து, சொரசொரவென்றிருக்கும். 28 வருஷம் வண்டி ஓட்டிய ஓர் அமெரிக்கருடைய முகத்தில், ஜன்னல் பக்கத்துப் பாதி மட்டும் கிழடுதட்டிப்போன படம் 2012இல் ஒரு பிரசித்தமான மருத்துவ ஏட்டில் வந்தது. புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி கண்ணாடியையும் ஊடுருவும் என்பதற்கு அந்த முகமே சாட்சி. சன்ஸ்கிரீன் பூசுங்கள், குறிப்பாக மங்கு உள்ளவர்கள். ஆனால் மாதத்துக்கு ஒரு ட்யூப் வாங்க எத்தனை தறிக்காரர் வீட்டில் வசதி இருக்கிறது? காசில்லாத சன்ஸ்கிரீன் நிழல்தான். நெடுஞ்சாலையை நான்கு வழியாக விரித்தபோது ஓரத்துப் புளியமரங்களை வெட்டினார்கள். நடுவில் அரளி வைத்தார்கள். அரளி யாருக்கு நிழல் தரும்? இரு சக்கர வண்டியில் சித்திரை வெயிலில் போகிறவன் ஒதுங்க இன்று மேம்பாலத்தின் அடிப்பக்கம் ஒன்றே மிச்சம். மரம் வளர்கிற வரையிலாவது, ஆண்பிள்ளை வெயிலுக்குக் குடை பிடிப்பதா என்ற அசட்டு வெட்கத்தை விட்டுக் குடையை எடுங்கள். தோல் வைத்தியன் மரத்தைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று கேட்போர் கேட்கட்டும்.

வீட்டில் இருக்கும் ட்யூபை இன்றே எடுத்து, மேலே சொன்ன பெயர்களில் ஏதேனும் அதில் இருக்கிறதா என்று வாசியுங்கள். இருந்தால், எறிந்துவிடாமல் அதையே கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை. எத்தனை மாதம் பூசினீர்கள், யார் சொல்லிப் பூசினீர்கள் என்பதை வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது.