ஆபரேஷன் பிரசவமா? அஞ்ச வேண்டாம்!

நெடுங்காடு, நிரவி, திருப்பட்டினம் தம்பதியரே!

குழந்தை குறுக்கே கிடந்தாலோ, அதன் இதயத் துடிப்பு தளர்ந்தாலோ ஆபரேஷன்தான் உயிர்க்காப்பு. "பெரியவங்க வரட்டும்" என்று தாமதிக்காதீர். தாயின் சம்மதமே போதும்.

முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. பிள்ளையின் முதல் அழுகையைத் தாயே கேட்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கலாம்.

மறுநாளே மெல்ல நடக்கணும்; காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும். பத்தியம் என்று பட்டினி போடாதீர். மீனும் கீரையும் பருப்பும் உடம்பைத் தேற்றும். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க்குடம் கணவர் தூக்கட்டும்!

காய்ச்சல், தையலில் சீழ், அதிக உதிரப்போக்கு, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு ஆண்டாவது பொறுங்கள். அதுவும் ஆபரேஷன்தான் என்பதில்லை. ஆனால் மருத்துவமனையில்தான் பிரசவம் ஆகணும்.