அறைக்கு அழகு சேர்க்கும் மரச்சட்டங்கள்

புதிதாக வாங்கிய வீட்டிற் குடிபுகுந்தோர் பலர், சுவரும் தரையும் சேரும் இடத்திலும் கதவுநிலையைச் சுற்றியும் மரச்சட்டம் பதிக்க விரும்புகின்றனர். தச்சர்கள் இதனை 'மோல்டிங்' என்பர். மலாய்மொழியில் 'காயு குமாய்' என்று பெயர். பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் இத்தகைய தச்சுவேலையை இன்றும் காணலாம். அந்நகரம் 2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

மரச்சட்டம் அழகுக்கு மட்டும் உரியதன்று. சுவருக்கும் தரைக்கும் இடையேயுள்ள இடைவெளியை அது மறைக்கிறது. துடைப்பமும் நாற்காலிக் காலும் சுவரைச் சிதைக்காமல் காக்கிறது. ஆயினும், அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் பதித்த சட்டங்கள் சில மாதங்களிலேயே மூலைகளில் வாய்பிளந்து நிற்பதுண்டு. இதற்குக் காரணம் யாது? பெரும்பாலும் மரத்தில் எஞ்சியிருந்த ஈரமே.

எந்த மரம் ஏற்றது?

செங்கால் மரம் உறுதியும் கனமும் மிக்கது. வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும். அறையினுள் பதிப்பதற்கு அத்துணை வலிமை தேவையில்லை. மெரந்தியும் நியாத்தோவும் இழைப்பதற்கு எளியவை.

நாம் நன்கறிந்த ரப்பர் மரமும் இதற்கு ஏற்றதே. ஏறத்தாழ 25 ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்படும் இம்மரம், ஒரு காலத்தில் பெரும்பாலும் விறகாகவே எரிந்தது. இன்று அது வீட்டுத் தளவாடங்களாக ஏற்றுமதியாகிறது. ஆனால், அதில் மாவுச்சத்து மிகுதியாதலால் பூஞ்சணமும் துளைப்பூச்சியும் விரைவில் பற்றும். எனவே போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்திய பலகையையே வாங்குதல் வேண்டும். மழைபடும் இடத்திலும் கசியும் சுவரிலும் அதனைப் பதித்தலாகாது.

ஈரத்தை அறிதல்

மரம் நார் ஓடும் நீளவாக்கில் மிகக் குறைவாகவும், அகலவாக்கில் மிகுதியாகவும் சுருங்கும். வாங்கிய பலகைகளுக்கு இடையே சிறு குச்சிகளை வைத்து, பதிக்கவிருக்கும் அறையிலேயே இரண்டு வாரம் அடுக்கி வையுங்கள். ஒரு துண்டைச் சில நாட்களுக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் உலரவில்லை. எடை மாறாது நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

அளவும் இழைப்பும்

12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறையின் சுற்றளவு 44 அடி. வாசலுக்கு 3 அடி கழித்தால் 41 அடி. வெட்டும்போது வீணாவதற்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டி, 45 அடி வாங்கினால் போதும்.

சட்டத்தின் மேல்விளிம்பை வளைவாக்க, முதலில் பென்சிலால் கோடிட்டு, இழைப்புளியால் சாய்வாகச் சீவுக. எஞ்சிய முனைகளையும் சிறிது சிறிதாகச் சீவியபின் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குக. நார் பிய்ந்தால், எதிர்த்திசையிலிருந்து இழைக்க வேண்டும்.

மூலையில் இரு சட்டங்களையும் 45 பாகையில் அறுப்பது வழக்கம். பழைய வீடுகளின் மூலை சரியாக 90 பாகை இருப்பது அரிது. ஆதலால் உள்மூலையில் முதற்சட்டத்தை நேராகவே சுவர்வரை செலுத்துக. இரண்டாவதன் முனையை முதலில் 45 பாகையில் அறுத்து, அங்கே தெரியும் வளைவுக் கோட்டை ஒட்டிச் சிறுவாளால் வெட்டுக. அது முதற்சட்டத்தின்மேல் பொருந்தி உட்காரும். மூலை சற்றுக் கோணலாயினும் இடைவெளி தோன்றாது.

பதிக்குமுன் சட்டத்தின் முதுகுப்புறத்திற்கும் ஒருமுறை வார்னிஷ் பூசுக. முன்புறம் மட்டும் பூசினால் மரம் வளையக்கூடும். கடினமரத்தில் ஆணியை நேரே அறைந்தால் பிளக்கும். ஆணியைவிடச் சற்று மெல்லிய துளையிட்டபின் அடிப்பதே முறை. செங்கற் சுவராயின் பிளாஸ்டிக் ஆப்பு வைத்துத் திருகாணியால் முடுக்குக.

உடல்நலம் காப்போம்

மரத்தூளைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவம் 1995இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களுள் ஒன்றாக வகைப்படுத்தியது. மூக்கறையே பெரிதும் பாதிக்கப்படும். ஆகவே திறந்தவெளியில், முகக்கவசம் அணிந்து தேய்த்திடுக. குழந்தைகளை அருகில் விடாதீர். மருந்தேற்றிய துண்டுகளை, பழைய ரப்பர் விறகு என்றெண்ணி அடுப்பில் எரித்தல் கூடாது.

கருவிகள் சிலவே, தேவைப்படுவது பொறுமை. இரண்டு வாரம் காத்திருந்து உலர்ந்த மரத்தைப் பதிப்பவர், அடுத்த ஆண்டு அதே மூலையைச் செப்பனிட மீண்டும் பணம் தேட வேண்டியிராது.