பட்டா இருந்தால் மலையில் வாழ்ந்துவிட முடியுமா?

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலையில் இரண்டு ஏக்கர் வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டி, காய்கறி, மாடு, தேனீ என்று தற்சார்பாக வாழ நானும் மனைவியும் முடிவெடுத்திருக்கிறோம். பட்டா சரியாக இருக்கிறது, வில்லங்கம் இல்லை. மேலே ஓடும் ஓடையிலிருந்து குழாய் போட்டுக்கொள்ளலாம், காட்டுப்பாதையில் ஜீப் வரும் என்கிறார் தரகர். முன்பணம் கொடுக்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, அதன்மேல் பதிவான கடன் உண்டா என்பதைத்தான் உங்கள் கையிலுள்ள காகிதங்கள் சொல்கின்றன. தண்ணீர், பாதை, வீடு, மரம் ஆகியவற்றில் உங்களுக்கு என்ன உரிமை என்பதை அவை சொல்லாது. தற்சார்பு வாழ்க்கை நிற்பதோ இந்த நான்கின் மேல்தான்.

தண்ணீரை முதலில் பாருங்கள். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஓடையை ஒட்டிய நிலத்துக்காரர் குடிக்கவும் வீட்டுக்கும் கால்நடைக்கும் அதன் நீரை எடுக்கலாம். அதேபோல் உரிமையுள்ள மற்றவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லாமல் அந்த நிலத்துக்குப் பாய்ச்சவும் செய்யலாம். உங்கள் நிலம் ஓடையைத் தொடுகிறதா என்பதைப் புலப்படத்தில் பாருங்கள். தொடவில்லை, இடையில் இருப்பது இன்னொருவரின் பட்டா நிலம் என்றால், கோடையில் அவருடைய காபிச் செடிக்குத் தண்ணீர் குறைந்ததும் முதலில் நிற்பது உங்கள் குழாய்தான். 'இத்தனை காலம் விற்பவர் அந்தத் தண்ணீரில்தானே பிழைத்தார்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவருக்குச் சட்டப்படி வசதியுரிமை, அதாவது பிறர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை, இருந்தால் அது நிலத்தோடு உங்களுக்கு வந்துவிடும். அக்கம்பக்கத்தார் நல்லெண்ணத்தில் கொடுத்த அனுமதி அப்படிக் கைமாறாது. பாதைக்கும் இதே கதைதான். தனியார் நிலத்தில் 20 ஆண்டு தடையின்றி, உரிமையோடு நடந்திருந்தால் வழியுரிமை பிறக்கும். ஆனால் நடக்கும் உரிமைக்குள் ஜீப் ஓட்டும் உரிமை அடங்காது. பாதை காப்புக்காட்டுக்குள் போகிறதென்றால், எத்தனை ஆண்டு நடந்தாலும் அந்த உரிமையும் பிறக்காது.

வீட்டு விஷயத்தில், 'பக்கத்தில் எல்லோரும் அனுமதி வாங்காமல்தான் கட்டியிருக்கிறார்கள்' என்ற பேச்சை நம்பாதீர்கள். கொடைக்கானலில் அனுமதியில்லாத கட்டடங்கள் 2019-இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் பூட்டி முத்திரையிடப்பட்டன. பிறரும் மீறியிருக்கிறார்கள் என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் கிராமம் இருந்தால் (ஹாகா கிராமம் என்பார்கள்) ஊராட்சியின் அனுமதி மட்டும் போதாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் இடத்தில், சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். இந்தக் கெடுபிடிகள் சிறு விவசாயியை வாட்டுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் மரம் போன சரிவில் மண் நிற்காது, நீங்கள் நம்பியிருக்கும் ஊற்றும் வற்றும். இந்தச் சட்டம் உங்கள் தண்ணீரையும்தான் காக்கிறது.

தரகர் வாயால் சொன்னதை விற்பவர் கிரைய ஒப்பந்தத்தில் எழுதித் தரட்டும்: எந்தப் புல எண் வழியாகப் பாதை, எத்தனை அடி அகலம், குழாய் யார் நிலத்தைக் கடக்கிறது, கட்டட அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும். பாதையும் குழாயும் கடக்கும் நிலத்துக்காரர்களிடம் தனி உரிமைப் பத்திரம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். இதற்கு விற்பவர் மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு நிலம் பாருங்கள்.